புதுப்பிப்பு: டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டும் டி டிரைவுக்கு மாறிவிட்டன

உதவிய எல்லோருக்கும் நன்றி. சி டிரைவ் நிரம்பியதால் இந்த இரண்டு ஃபோல்டர்களையும் டி டிரைவுக்கு மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தேன் (விண்டோஸ் 11). பலித்தது, ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று சொன்ன வழிதான். டி டிரைவில் முதலில் தனி ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். டிரைவையே காட்டினால் முழு டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும் என்ற எச்சரிக்கை ரொம்ப முக்கியம். அப்ளை கொடுத்ததும் பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும், யெஸ் கொடுக்கவும்.

எதிர்பாராத ஒன்று: பிக்சர்ஸுக்கு லொகேஷன் டேப்பே இல்லை. கிளவுட் பேக்கப் (கோப்புகளை இணையச் சேமிப்பிடத்தில் வைக்கும் வசதி) ஆனில் இருந்ததுதான் காரணம். அதை நிறுத்தியதும் டேப் வந்தது, ஆனால் பிக்சர்ஸ் காலி! பயப்பட வேண்டாம், படங்கள் கிளவுட் ஃபோல்டருக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. மேகக் குறி போட்டவை (இணையத்தில் மட்டும் இருப்பவை) கணினிக்கு இறங்கி முடிந்த அப்புறம் கட் செய்து புது இடத்தில் ஒட்டினேன்.