கரண்ட் போய் வந்தால் மினியோவில் படம் ஏறுவதில்லை, உதவி வேண்டும்

உப்புவெளியான்:
உப்புவெளியில் சின்ன ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணப் படங்களைச் சேமிக்கப் பழைய டெஸ்க்டொப் ஒன்றில் உபுண்டு போட்டு, டொக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) மினியோ என்ற கோப்புச் சேமிப்பு சர்வர் ஓடுகிறது. ஸ்கிரிப்ட் பேசும் ஏபிஐக்கு போர்ட் 9000, பிரவுசரில் திறக்கும் கன்சோலுக்கு 9001. அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் கிடையாது, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. மூன்று மாதம் ஒரு சிக்கலும் இல்லை. இப்போது கரண்ட் போய் வந்தால் லப்டொப்பில் உள்ள, படம் ஏற்றும் பைதன் ஸ்கிரிப்டை மினியோ 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்புகிறது. சில நாள் கரண்ட் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. கன்சோலில் கையால் ஏற்றினால் எப்போதும் ஏறுகிறது! கடவுச்சொல்லை இரண்டு தடவை மாற்றியும் பார்த்தாயிற்று. நாளைக்கு நிலாவெளியில் ஒரு கல்யாணம்.

கோட்டைவாசல்:
ஸ்கிரிப்டில் 9001 கொடுத்திருக்கிறீர்களா? 9000 இருக்க வேண்டும். எனக்கு அதில் அரை நாள் போனது.

உப்புவெளியான்:
9000 தான் அண்ணா.

கடற்காற்று:
தம்பி, 403 மட்டும் போதாது. அதோடு வரும் பிழைப் பெயர் என்ன?

உப்புவெளியான்:
ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்கியூட், அதாவது நேரம் மிகவும் விலகியிருக்கிறதாம். திகதியைப் பார்த்தேன், இன்றைய திகதிதான் காட்டுகிறது.

கடற்காற்று:
திகதி சரி, மணி? மினியோ எஸ்3 என்ற முறையில் பேசுகிறது, அதில் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் கையொப்பத்தில் நேரமும் சேர்ந்துதான் போகும். சர்வரின் நேரத்துக்கும் அதற்கும் 15 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மினியோ ஏற்காது. கன்சோல் சர்வரிலேயே இருந்து கையொப்பமிடுவதால் அதற்கு நேரம் எப்போதும் பொருந்தும். கரண்ட் இல்லாதபோது மணிக்கூட்டை ஓடவைக்கும், போர்டில் உள்ள பற்றரி செத்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உபுண்டு கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கும். கரண்ட் எவ்வளவு நேரம் இல்லையோ கிட்டத்தட்ட அவ்வளவு பின்தங்கும். பத்து நிமிட வெட்டில் தப்பிவிடும், ஒரு மணிநேர வெட்டில் மாட்டும். டொக்கருக்குத் தனி மணிக்கூடு இல்லை, பெட்டியின் நேரம்தான் அதற்கும். இன்றைக்கு டேட் கட்டளையால் நேரத்தைச் சரிசெய்து சமாளியுங்கள், அப்புறம் பற்றரியை மாற்றுங்கள். சிஆர்2032 தான் பெரும்பாலும்.

உப்புவெளியான்:
47 நிமிடம் பின்னால் நின்றது! கழற்றினால் பற்றரிப் பிடியில் பச்சைக் களிம்பு, கடற்கரைக்குப் பக்கத்தில் பெட்டி வைத்த பலன். மீற்றரில் 1.2 வோல்ட், 3 இருக்க வேண்டியது. மத்திய வீதியில் மணிக்கூடு திருத்தும் கடையிலேயே புதியது கிடைத்தது. போட்டு நேரத்தைச் சரிசெய்து, ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையால் போர்டின் மணிக்கூட்டிலும் எழுதினேன். பிளக்கை அரை மணிநேரம் கழற்றி வைத்து மறுபடி போட்டேன். ஸ்கிரிப்ட் ஒரே மூச்சில் 212 படங்களை ஏற்றிவிட்டது.

கோட்டைவாசல்:
நல்லது. கடவுச்சொல் மாற்றியதை ஸ்கிரிப்டிலும் மாற்றினீர்கள்தானே?

உப்புவெளியான்:
முதல் தடவை மறந்துதான் போனேன்.