தாத்தாவின் ஃபெல்ட் தொப்பியை எப்படி மீட்பது?

அகிலா_அயனாவரம்
தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் இருந்தவர். கிண்டி ரேஸுக்குப் போகும்போது மட்டும் போடும் சாம்பல் நிற ஃபெல்ட் (மயிரை அமுக்கிச் செய்த கெட்டித் துணி) தொப்பி ஒன்று பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. உச்சி ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, விளிம்பு அலை அலையாக வளைந்திருக்கிறது. ரிப்பன் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. முன்னால் கையால் பிடிக்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. உள்ளே தோல் பட்டையில் தங்க எழுத்தில் "லண்டன்", "ஃபர் ஃபெல்ட்" என்பது மட்டும் தெரிகிறது. டிரை கிளீனிங் கடைப் பையன் "போட்டுப் பார்க்கலாம் மேடம்" என்கிறான். அந்த "பார்க்கலாம்"தான் பயமாக இருக்கிறது.

மவுண்ட்ரோடு_மணி
சூப்பர் பொருள்ங்க! மொட்டை மாடி வெயில்ல ஒரு நாள் போடுங்க, பூஞ்சை செத்துடும். அப்புறம் அந்துருண்டை போட்டுப் பெட்டியில வச்சிடுங்க.

பழைய_காஸ்ட்யூமர்
மணி தம்பி, வெயில் வேண்டாம்பா. சாயம் வெளுக்கும், உள்பட்டைத் தோல் காய்ந்து விரிசல் விடும்.

அகிலாம்மா, நான் வடபழனிப் பக்கம் சினிமா உடை வாடகைக் கடையில் இருந்தவன். எத்தனையோ வில்லன்களின் தொப்பிக்கு ஆவி பிடித்திருக்கிறேன். கடைப் பையனிடம் கொடுக்காதீங்க.

முதலில் நிழலில், ஃபேன் காற்றில் நன்றாகக் காயட்டும். ஈரப் பூஞ்சையைத் தேய்த்தால் ஃபெல்ட்டுக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்ததும் பால்கனியில், மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான குதிரைமயிர் பிரஷ்ஷால் தட்டி எடுங்க. ஷூ பாலிஷ் போட்ட பிரஷ் கூடாது. பிரஷ் போகும் திசை முக்கியம்: மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிவர வேண்டும். பெரும்பாலும் மயிர் அப்படித்தான் படிந்திருக்கும். எதிர்த்துத் தேய்த்தால் பூனை முதுகைத் தப்பாகத் தடவின மாதிரி சிலிர்த்து நிற்கும். ரிப்பனில் தண்ணீர் படவே கூடாது, சாயம் இறங்கிவிடும்.

எண்ணெய்க் கறைக்கு முல்தானி மிட்டிப் பொடியை உலர்ந்தபடியே தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டுங்க. பழைய கறை ஒரே தடவையில் போகாது, மங்கும். மங்கினாலே போதும், ரேஸ் கோர்ஸில் பிடித்த கை தானே அது.

வளைவுக்கு ஆவிதான் மருந்து. ஆனால் ஃபர் ஃபெல்ட் என்றால் ஒரு விஷயம். அந்தக் காலத்தில் முயல் மயிரை ஃபெல்ட் ஆக்கப் பாதரச நைட்ரேட் என்ற விஷ உப்பைப் பூசுவார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அதை நிறுத்தினார்கள். உங்க தொப்பி எந்த வருஷத்துது என்று தெரியாததால், கிளவுஸ் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஆவிக்கு மேல் முகத்தை நீட்டாமல் செய்யுங்க. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

உள்பட்டைத் தோலை வெளியே மடித்துவிடுங்க. ஆவி பட்டால் அது சுருங்கும். உச்சியை உள்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியில் காட்டி, இளகினதும் உள்ளே கைவிட்டு மெல்லத் தள்ளுங்க. விளிம்பைத் தட்டையான மேஜையில் வைத்து விரலால் நீவி, ஆறும்வரை விட்டுவிடுங்க. ஆறும்போதுதான் வடிவம் நிற்கும். சூட்டோடு தூக்கினால் மறுபடி வளைந்துகொள்ளும். இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீங்க.

எழும்பூர்_வாசகி
பூச்சி அரித்த சின்னக் குழிகள் தெரிகிறதா பாருங்க. ஃபெல்ட்டைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. இருந்தால் தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்க. எடுத்ததும் பையைத் திறக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வரட்டும். நம்ம ஊர்க் காற்றுக்கு உடனே திறந்தால் தொப்பியெல்லாம் வேர்த்துவிடும்.

அகிலா_அயனாவரம்
குழி இல்லை அக்கா, தப்பித்தேன்! ஐயா, இட்லிப் பானை ஆவி போதுமா? அப்புறம், ஹாலில் ஆணியில் மாட்டலாமா?

பழைய_காஸ்ட்யூமர்
இட்லிப் பானை ஆவி அகலமாக வரும்மா, ரிப்பன், தோல் எல்லாம் நனையும். சமையல் பாத்திரத்தில் இந்த வேலையும் வேண்டாம். மூக்கு வைத்த கெட்டில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்க. குக்கரும் ஆகாது, நீர் தெறித்துப் புள்ளி விழும்.

ஆணியில் மாட்டினால் உச்சியில் ஆணி முனை எழும்பி நிற்கும். தலைகீழாக, உச்சி கீழே இருக்கிற மாதிரி அட்டைப் பெட்டியில் வைத்து, உள்ளே வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கசக்கி நிரப்புங்க. நியூஸ் பேப்பர் மை ஒட்டும். அந்துருண்டை போட்டே ஆக வேண்டுமென்றால் துணியில் முடிந்து, தோலில் படாமல். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு, அப்பப்போ திறந்து காற்றுக் காட்டுங்க. திரும்பவும் பரணில் மட்டும் ஏற்றாதீங்க.