கோடைத் தோட்டத்தில் காய்கள் முற்றிவிடுகின்றன: வாரத்தில் இரண்டு முறை போனால் போதுமா?

கேள்வி:

வணக்கம். பொதுத் தோட்டத்தில் எனக்கென ஒதுக்கப்பட்ட சிறு நிலத்தில் இந்தக் கோடைக்கு வெண்டை, வெள்ளரி, தக்காளி, கொடி பீன்ஸ் ஆகியவற்றைப் பயிரிட்டிருக்கிறேன். நிலம் வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால் வாரத்தில் இரண்டு முறைதான் அங்கே போக முடிகிறது. செடிகள் செழிப்பாகவே இருக்கின்றன. ஆனால் போகும்போதெல்லாம் வெண்டையில் பாதி முற்றி நாராகிக் கிடக்கிறது, பீன்ஸ் கொடியில் பூ குறைந்துகொண்டே வருகிறது, வெள்ளரி கசக்கிறது, தக்காளிக் காய்களின் அடியில் கறுத்து, அமுங்கிய தழும்பு விழுகிறது. இவை தனித்தனி நோய்களா, அல்லது என் பராமரிப்பில் மாற்ற வேண்டியது ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி 1:

நீங்கள் சொல்பவற்றில் நோய் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டும் பறிப்பைச் சார்ந்தவை, மற்ற இரண்டும் பெரும்பாலும் தண்ணீரைச் சார்ந்தவை.

கோடையில் பறிப்பதும் பயிர்ப் பராமரிப்பின் ஒரு பகுதிதான். வெண்டை பூத்து நான்கு முதல் ஆறு நாளுக்குள் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெயில் கூடுதலாக இருந்தால் அதற்குமேல் ஒரு நாள் தாமதித்தாலும் நார் ஏறிவிடும். ஆகவே வாரத்தில் இருமுறை போகிறவர், அன்றைக்குப் பக்குவமான காயை மட்டும் பறித்தால் போதாது; அடுத்த முறை வருவதற்குள் முற்றிவிடும் என்று தோன்றுகிற விரல் நீளப் பிஞ்சையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். நுனியை வளைத்ததும் 'சடக்'கென்று ஒடிந்தால் அது இளங்காய். வளைந்து மடங்கினால் முற்றல். காம்பைத் திருகிப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். இலையிலும் காயிலும் உள்ள சுணை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் நல்லது.

பீன்ஸ் கொடிக்கு விதையை முற்ற வைப்பதுதான் நோக்கம். ஒரு சில காய்களில் விதை திரண்டுவிட்டாலே அது புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முற்றல் காய்களைத் தேடி எடுத்துவிட்டு நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள்; கடும் வெப்பம் இல்லையென்றால் மீண்டும் பூக்கத் தொடங்கும்.

மறுமொழி 2:

தக்காளியின் அடியில் விழும் தழும்புக்கு நுனி அழுகல் என்று பெயர். வளரும் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் இது வருகிறது என்பதால், முட்டை ஓட்டைப் பொடித்துச் செடியடியில் போடச் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதிய அளவில் இருக்கிறது. முட்டை ஓடு மட்கிச் செடிக்குப் பயன்படவும் நெடுங்காலம் ஆகும். அந்தச் சத்து தண்ணீரோடு சேர்ந்தே வேரிலிருந்து மேலே ஏறுகிறது. மண் ஒரு நாள் காய்ந்து வெடித்து மறுநாள் சேறாகும் நிலத்தில், இலைகள் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காயின் அடிப்பகுதிக்கு அது எட்டாமல் போகிறது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் இந்தக் குறை இன்னும் கூடும். தழும்பு விழுந்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், அவை தேறாது.

வெள்ளரி கசப்பதற்கும் வெப்பத்தோடு சேர்ந்த தண்ணீர்த் தட்டுப்பாடே முக்கியக் காரணம். கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் அதிகமாகச் சேரும். கடுமையாகக் கசக்கும் காயைச் சாப்பிட வேண்டாம்.

அடிக்கடி மேலாகத் தெளிப்பதைவிட, போகிற அன்று வேர் ஆழத்துக்கு இறங்கும்படி பாய்ச்சுவதே உங்களுக்கு ஏற்றது. மழையில்லாத வாரத்தில் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பதைத் தொடக்கக் கணக்காக வைத்து, மணற்பாங்கான மண்ணானால் கூட்டிக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கும்போதே வைக்கோலோ சருகோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடைவெளி விடுங்கள். இரண்டு வருகைகளுக்கு இடையில் மண்ணின் ஈரத்தைக் காப்பது இந்த மூடாக்குதான்.

மறுமொழி 3:

மேலே சொன்னவற்றோடு தக்காளியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் நீடித்தால் பழத்தில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடும். ஆகையால் அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து, வீட்டில் நிழலான இடத்தில் பழுக்க வையுங்கள். வாரம் இருமுறை போகிறவருக்கு இது மிகவும் உதவும். வெடிப்பிலிருந்தும் பறவைகளிடமிருந்தும் பழம் தப்பும். குளிர்பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம், அங்கே பழுக்காது.

பறிப்பை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காயில் நீர்ப்பிடிப்பு நிறைந்திருக்கும், வெயிற்சூடு ஏறியிருக்காது, வீடு வந்து சேரும்வரை வாடாது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வாரமே மூடாக்கு போட்டுவிடுகிறேன். ஏற்கெனவே முற்றிய வெண்டையை விதைக்கு விடலாமா?

மறுமொழி 1:

வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினமாக, இல்லையென்றால் விடலாம். ஒட்டு ரகத்தின் விதை தாய்ச்செடியைப் போலவே வரும் என்று நம்ப முடியாது. செழிப்பான ஒரு செடியைத் தேர்ந்து நூல் கட்டி அடையாளம் வைத்து, அதில் மட்டும் காய்கள் காய்ந்து பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். மற்ற செடிகளில் உள்ள முற்றலையெல்லாம் இன்றே வெட்டிவிடுங்கள்.