ஸ்டோரேஜ் ஹீட்டரா, கேஸா? ஜனவரி பில் 228 பவுண்டு, கணக்கு எங்கே உதைக்கிறது?

பதினோராம் மாடி:
வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் பதினோராவது மாடியில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். செப்டம்பரில்தான் வாங்கிக் குடிவந்தோம். கேஸ் லைன் கிடையாது. ஹாலில் ஒரு பெரிய ஸ்டோரேஜ் ஹீட்டர் (ராத்திரி கரண்டில் உள்ளே இருக்கும் செங்கல்லைச் சூடாக்கி, பகலில் அந்தச் சூட்டை விடுவது), ரெண்டு பெட்ரூமிலும் சின்னதாக ஒவ்வொன்று. வெந்நீருக்கு அலமாரிக்குள் ஒரு டேங்க். எகானமி 7 மீட்டர், அதாவது ராத்திரி ஏழு மணிநேரம் கரண்ட் மலிவு.

ஜனவரி பில் வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. 950 யூனிட், 228 பவுண்டு. ஹாரோவில் மச்சான் வீடு எங்களுடையதைவிடப் பெரிசு, கேஸ் பாய்லர். அவர் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினார்: மாதம் முழுக்க 118 யூனிட்தானாம்! இவ்வளவு செலவழித்தும் எங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீடு சில்லென்று ஆகிவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் கம்பளியை விட்டு வெளியே வருவதில்லை. ஃபேன் ஹீட்டர் போட வேண்டியிருக்கிறது.

எப்படியாவது கேஸ் இழுத்துவிடலாமா? எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும்?

கேஸ் கட்சி:
யோசிக்கவே வேண்டாம் நண்பரே. கேஸ் யூனிட் ஆறரை பென்ஸ், கரண்ட் அதைப்போல நாலு மடங்கு. கேஸ் கிடைக்காவிட்டால் இந்தப் பழைய செங்கல் பெட்டிகளைக் கழற்றி வீசிவிட்டு, புதுசா வருகிற செராமிக் பேனல் ஹீட்டர் போடுங்கள். கரண்டை மிச்சப்படுத்தும் என்கிறார்கள்.

பழைய வயர்மேன்:
பேனல் ஹீட்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள். செராமிக் ஆகட்டும், எண்ணெய் ஊற்றியது ஆகட்டும், ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இருநூறு பவுண்டு ஹீட்டரும் இருபது பவுண்டு ஹீட்டரும் அதில் ஒன்றுதான். வித்தியாசம் எந்த மணியில் கரண்டை இழுக்கிறது என்பதில்தான். உங்கள் 'செங்கல் பெட்டி' ராத்திரி மலிவு விலையில் இழுத்து வைத்துக்கொள்கிறது. பேனல் ஹீட்டர் பகல் விலையில் இழுக்கும்.

அப்புறம் மச்சானின் 118 யூனிட். அது கரண்ட் யூனிட் போல கிலோவாட்-மணி இல்லை, கன மீட்டர். கேஸ் மீட்டர் கன அளவைத்தான் காட்டும். அதை 1.02264 ஆல் பெருக்கி, பிறகு கேஸின் வெப்ப மதிப்பால் (39, 40 வாக்கில் இருக்கும்) பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சுமாராக ஒரு கன மீட்டருக்கு 11.2 யூனிட். அப்படியானால் அவர் எரித்தது 1,320 யூனிட். ஆறரை பென்ஸ் என்றால் 86 பவுண்டு. நிலைக் கட்டணம் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டியது) நாளுக்கு 32 பென்ஸ் வீதம் பத்து பவுண்டு. கரண்ட் பில் தனி, அதை அவர் சொல்ல மறந்திருப்பார். எல்லா மச்சான்களும் மறப்பார்கள்.

உங்கள் பில்லில் பகல் எத்தனை, இரவு எத்தனை யூனிட்? அதைச் சொல்லுங்கள். மொத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பதினோராம் மாடி:
மச்சானைக் கேட்டேன். கரண்ட் தனியாக 75 பவுண்டாம். ஆக அவருக்கு மொத்தம் 171. அசடு வழிந்தார்.

எங்கள் பில்: பகல் 430 யூனிட், 31 பென்ஸ் வீதம் 133 பவுண்டு. இரவு 520 யூனிட், 15 பென்ஸ் வீதம் 78. மீதி நிலைக் கட்டணம்.

பழைய வயர்மேன்:
பார்த்தீர்களா? ஹீட்டர்கள் ஓடுகிற இரவுக்கு 78, ஓடாத பகலுக்கு 133. உங்களிடம் காசு பிடுங்குவது ஸ்டோரேஜ் ஹீட்டர் இல்லை. பகலில் நாளொன்றுக்குப் பதினாலு யூனிட் எதுவோ தின்கிறது. சமையல், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்தாலும் நாலைந்துக்கு மேல் போகக்கூடாது.

காலை எட்டரைக்கு, எல்லோரும் குளித்து முடித்தபின், ஃப்ரிட்ஜ் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். விளக்கு எவ்வளவு வேகமாகச் சிமிட்டுகிறது என்று பாருங்கள். அப்படியே டேங்க் அலமாரியைத் திறந்து எத்தனை சுவிட்ச் இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

குரோய்டன் அக்கா:
தம்பி, ஒவ்வொரு ஹீட்டரின் மேல்மூடிக்குக் கீழேயும் ரெண்டு குமிழ் இருக்கும், இன்புட் (ராத்திரி எவ்வளவு சூடு ஏற்றுவது), அவுட்புட் (எவ்வளவு வெளியே விடுவது) என்று. அவுட்புட்டை எதில் வைத்திருக்கிறீங்கள்? நாங்கள் வந்த முதல் வருசம் ரெண்டையும் முழுசாகத் திருகிவைத்துவிட்டு, பின்னேரம் குளிரில் நடுங்கினோம். அவுட்புட் திறந்திருந்தால் ராத்திரி ஏறுகிற சூடு ராத்திரியே வெளியே போய்விடும். நீங்கள் போர்வைக்குள் நித்திரை, ஹால் மட்டும் யாழ்ப்பாணம் மாதிரிக் கொதிக்கும்.

இன்னொன்று, மீட்டருக்குப் பக்கத்தில் டெலிசுவிட்ச் என்று எழுதின கறுப்புப் பெட்டி இருக்கா என்று பாருங்கோ. பிபிசி ரேடியோ 4 வந்த லாங் வேவ் அலையில் சிக்னல் வாங்கித்தான் அந்தப் பெட்டி ஹீட்டரைப் போட்டு அணைத்தது. 2025 ஜூன் 30இலிருந்து அதைப் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அது இருந்தால் உடனே ஸ்மார்ட் மீட்டர் கேளுங்கோ, இல்லாவிட்டால் நேரம் கெட்ட நேரத்தில் ஏறும், அல்லது ஏறாமலே கிடக்கும்.

பதினோராம் மாடி:
கறுப்புப் பெட்டி இல்லை அக்கா, ஸ்மார்ட் மீட்டர்தான். தப்பித்தேன்.

அவுட்புட் விஷயம் அப்படியே உண்மை. படுக்கும் முன் மாமியார் போய் ஹால் குமிழை முழுதாகத் திறந்துவிட்டு வருவாராம், விடிகாலையில் கதகதப்பாக இருக்கட்டும் என்று. எனக்கே இன்றுதான் தெரியும்.

காலையில் மீட்டர் முன்னால் நின்றேன். எல்லாம் அணைத்தபிறகும் 3 கிலோவாட் ஓடுகிறது! அலமாரியில் ரெண்டு சுவிட்ச். கீழே ஒன்று, மேலே 'பூஸ்ட்' என்று ஒன்று. மேலே உள்ளதில் சிவப்பு விளக்கு எரிகிறது. முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன நாளிலிருந்து எரிகிறது போல.

பழைய வயர்மேன்:
அதேதான். கீழே இருப்பது இரவு விலையில் டேங்க் முழுவதையும் காய்ச்சும் இம்மர்ஷன் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஹீட்டர்). மேலே இருப்பது அவசரத்துக்கு, பகல் விலையில். குளித்து முடித்துக் குளிர்ந்த தண்ணீர் டேங்கில் ஏறும்போதெல்லாம் அது சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. நாளுக்கு ரெண்டு மணிநேரம் என்றால் 6 யூனிட், மாதம் 57 பவுண்டு. ஃபேன் ஹீட்டர் 2 கிலோவாட், ரெண்டு மணிநேரம்: மாதம் 38 பவுண்டு. ரெண்டும் சேர்ந்து 95. பூஸ்டை அணையுங்கள், கீழே உள்ளது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவுட்புட்டைப் படுக்கும்போது குறைந்தபட்சத்துக்குத் திருகுங்கள், மாலை ஐந்துக்குத் திறங்கள். இன்புட்டை மறுநாள் குளிருக்குத் தக்கபடி முந்தின ராத்திரியே வைக்க வேண்டும். அதுதான் இந்தப் பெட்டியின் பெரிய தொல்லை, நாளைய வானிலையை இன்றே ஊகிக்க வேண்டும்.

இனி கேஸ் கேள்வி. நல்ல பாய்லரிலும் நடைமுறையில் 85 சதவீதம்தான் சூடாகும் என்று வைத்தால், கேஸ் சூடு யூனிட்டுக்கு 7.65 பென்ஸ். உங்கள் இரவு கரண்ட் 15. கேஸ் ஏறக்குறையப் பாதி விலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் அளவு ஃப்ளாட்டுக்குச் சூடும் வெந்நீரும் சேர்ந்து வருடம் 3,500 யூனிட் என்று வைத்தால் மிச்சம் 257 பவுண்டு. அதில் கேஸ் நிலைக் கட்டணம் 117, பாய்லர் சர்வீஸ் நூறு போகும். கையில் நிற்பது நாற்பது. பாய்லர், ரேடியேட்டர், பைப் எல்லாம் புதிதாகப் போட ஆயிரக்கணக்கில் ஆகும். உங்கள் பேரன் காலத்தில் காசு திரும்பும். மச்சான் வீடு போல பெரிய வீடு, கேஸ் ஏற்கனவே இருக்கிறது என்றால் கதை வேறு, அங்கே கேஸ்தான்.

அதோடு உங்கள் கட்டடத்தில் கேஸ் இல்லாததற்குக் காரணம் இருக்கலாம். ஈஸ்ட் ஹாம் இருக்கும் நம்ம நியூஹாமிலேயே, 1968 மே 16 அதிகாலையில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் பதினெட்டாவது மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். அதே பாணியில் பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய பல அடுக்ககங்களில் அப்புறம் கேஸையே எடுத்துவிட்டார்கள். உங்களுடையது எந்த வகை என்று மேனேஜிங் ஏஜென்டிடம் கேளுங்கள். லீஸ் ஒப்பந்தப்படி கேஸ் போட அனுமதி கிடைக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேஸ் கட்சி:
சரி, பேனல் ஹீட்டர் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

பதினோராம் மாடி:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். பகல் 14 யூனிட்டிலிருந்து 6 ஆகிவிட்டது. வெந்நீர் ராத்திரிக்கு மாறியதால் இரவு 17இலிருந்து 20. நாளுக்கு 7.37 பவுண்டு ஆனது இப்போது 5.41. இந்தப் பதினைந்து நாளில் குளிர் கொஞ்சம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஹீட்டர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவுட்புட் குமிழ் மேல் மாமியாருக்காகத் தமிழில் 'ராத்திரி தொடாதீங்க' என்று டேப் ஒட்டியிருக்கிறேன். முறைக்கிறார், ஆனால் சாயங்காலம் ஹீட்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு சின்ன சந்தேகம். ராத்திரி பத்து மணிக்கு வாஷிங் மெஷின் போடுகிறோம், அது நைட் ரேட்தானே?

குரோய்டன் அக்கா:
இல்லை தம்பி! எங்களுக்கு 12:30இலிருந்து காலை 7:30 வரைதான். இடத்துக்கு இடம் மாறும், உங்கட கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கோ. சில மீட்டருக்கு மார்ச்சில் மணிக்கூடு மாற்றுவதும் தெரியாது. எங்கட பழைய மீட்டர் கோடைகாலத்தில் 1:30க்குத்தான் தொடங்கும். மெஷினில் டிலே பொத்தான் இருந்தால் ரெண்டு மணிக்கு வையுங்கோ. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் காலை ஆறு.