69 அடி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கலுங்கடி: நேற்று வடகரைவாசி அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: "மதுரை மாவட்டத்துக்கு வெள்ளம் என்றால் வைகைதான். அணை 69 அடி வந்த பிறகு மூட்டை கட்டினால் போதும். அதற்கு முன்னால் பட்டாவை டப்பாவில் போடு, டார்ச் வாங்கு என்பதெல்லாம் வீண் பீதி." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். எங்கள் தலைக்கு மேலே நிற்பது கண்மாய், அணை இல்லை. அந்தக் கண்மாய் நிறைந்தால் யார் எச்சரிக்கை விடுகிறார்கள்?

வடகரைவாசி: தம்பி, தெரிந்துகொண்டு பேசுங்கள். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66இல் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அதற்கப்புறம்தான் உபரி நீரைத் திறப்பார்கள். 1993 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். 69 அடி என்றால் 69 அடிதான்.

கலுங்கடி: 1993 இருக்கட்டும். 2024 அக்டோபர் 25 ஞாபகம் இருக்கிறதா? மதுரையில் மதியம் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றைக்கு வைகை அணையையா திறந்தார்கள்? வடகரையில் இருந்துகொண்டு இதைக்கூட மறந்துவிட்டீர்களே அண்ணே!

வடகரைவாசி: அது வெள்ளம் இல்லை, வடிகால் பிரச்சினை. பந்தல்குடி வாய்க்காலைத் தூர்வாரியிருந்தால் வந்திருக்காது. நான் பேசியது ஆற்றைப் பற்றி. 69 அடியைப் பற்றி.

கலுங்கடி: அடுப்படிக்குள் வந்த தண்ணீரிடம் நீ ஆற்றுத் தண்ணீரா, வாய்க்கால் தண்ணீரா என்று கேட்டுவிட்டா அரிசி மூட்டையைத் தூக்குவது?

உசிலை58: 66, 69 என்று நீங்கள் பயந்துகொண்டே இருங்கள். உசிலம்பட்டிக்காரனுக்கு 67 அடி என்றால் சந்தோஷம். அணை 67ஐத் தாண்டினால்தான் 58 கிராமக் கால்வாயில் எங்களுக்குத் தண்ணீர் ஏறும். அதற்காக எத்தனை வருஷம் போராடினோம் என்று மேலூர்க்காரருக்கு எங்கே தெரியப்போகிறது? உங்களுக்குப் பெரியாறு தண்ணீர் வாய்க்காலில் வந்து விழுகிறது. கண்மாய் நிறைந்தாலும் அழுகைதான்.

கலுங்கடி: வந்து விழுகிறதா? மேலூர் கடைமடை ஐயா. வைகையின் குறுக்கே இருக்கும் பேரணையிலிருந்து புறப்பட்ட தண்ணீர் வாடிப்பட்டியைத் தாண்டி எங்களிடம் வருவதற்குள் எத்தனை மடை! போன மாதம், ஊரார் சேர்ந்து கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்து பற்றி எழுதியபோதும் நீங்கள்தான் என்னைக் கிண்டல் செய்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

உசிலை58: மறக்க வேண்டாம். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன்.

திருமங்கலம் மதினி: நீங்கள் மூன்று பேரும் அடிக்கணக்கே பேசுங்கள். எங்கள் தெருவில் மழைக்கு நாங்கள் பயப்படுவது மண்சுவருக்குத்தான். மழை பெய்யும்போது நின்ற சுவர்கூட, மூன்று நாள் ஊறி, மழை விட்டு வெயில் அடிக்கிற அன்றைக்குச் சாயும். போன கார்த்திகையில் எங்கள் கொட்டகைச் சுவர் அப்படித்தான் விழுந்தது. அடியில் உப்பிக்கொண்டு வந்ததை முதல் நாளே பார்த்து ஆட்டை மாற்றிக் கட்டினேன். ஆறு உருப்படி பிழைத்தது. இடியும் அப்படித்தான். ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்குகிறார்கள், அங்கேதான் விழுகிறது. செல்போனில் தாமினி செயலி இருந்தால் பக்கத்தில் மின்னல் இருப்பதை முன்கூட்டியே சொல்லும்.

வடகரைவாசி: அதெல்லாம் விபத்து தங்கச்சி. பேரிடர் வேறு.

திருமங்கலம் மதினி: செத்தவர் வீட்டில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கலுங்கடி: நான் பத்தாவது படித்த வருஷம், ஐப்பசி மாதம், ராத்திரி. மழை சாயங்காலமே விட்டிருந்தது. கண்மாய்க் காவலுக்குப் போன அப்பா, மடைக்குப் பக்கத்தில் கரையின் வெளிப்புறம் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்தார். நண்டு வளை. கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பொறுக்கலாம், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்குச் செம்மண்ணாக வந்தது. வைக்கோலும் மணல் மூட்டையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி வருவதற்குள் ஓட்டை ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது. அம்மா முதலில் மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அப்புறம் எங்களைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினார். தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது, யாருக்கும் ஞாபகம் இல்லை. மறுநாள் பட்டா, ரேஷன் கார்டு, அக்காவின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் கொடிக்கயிற்றில் துணி மாதிரி காயப்போட்டோம். பட்டாவில் தாத்தா பெயர் நீல மையாக ஊறிப் போயிருந்தது. நகல் வாங்க ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் அலைந்தார் அப்பா. இன்றைக்கு என் வீட்டில் அந்தத் தாள்கள் எல்லாம் இறுக்கமாக மூடுகிற டப்பாவில் பரண்மேல் இருக்கின்றன. கதவுக்குப் பின்னால் 1077 என்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணைச் சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் டார்ச்சும் கயிறும் ஆணியில் தொங்கும். இதைத்தான் அண்ணன் பீதி என்கிறார்.

வடகரைவாசி: கண்மாய் உடைந்தால் அது கரையைப் பராமரிக்காதவன் குற்றம். அணை என்ன செய்யும்? நான் சொன்ன 69 அடியில் தப்பு இருந்தால் காட்டுங்கள்.

கலுங்கடி: கணக்கில் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? அந்தக் கணக்கை ஊர் முழுக்கப் பரப்பி, மற்றவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைப்பதுதான் தப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்த மழை இங்கே கொட்டினால் அணை நிறைகிற வரைக்குமா காத்திருப்பீர்கள்?

உசிலை58: காயல்பட்டினம் கடற்கரை. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? உசிலம்பட்டியில் அதில் பாதி பெய்தால் பொங்கல் வைப்போம்.

திருமங்கலம் மதினி: பொங்கல் வைக்க அடுப்பு நனையாமல் இருக்கட்டும்.

கலுங்கடி: அண்ணே, நாளைக்குக் காலையில் உங்கள் பக்கத்துக் கண்மாய்க்குப் போய், உபரி நீர் வழிகிற கலுங்குக்கு எத்தனை சாண் கீழே தண்ணீர் நிற்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம் பேசுவோம்.

வடகரைவாசி: படமெல்லாம் போட முடியாது தம்பி, முழங்கால் வலி. அணை இன்றைக்கு 61 அடி. இன்னும் எட்டு அடி இருக்கிறது.

கலுங்கடி: திரும்பவும் அணை!