நம்மாழ்வாரை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கேட்டவன் நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இயற்கை வேளாண்மையை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வாரை 2011-இல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த உழவர் கூட்டத்தில்தான் பார்த்தேன். தலையில் பச்சைத் துண்டு, சட்டையில்லாத உடம்பு, வெள்ளைத் தாடி. நான் கடைசி வரிசை. முந்தைய ஆண்டுதான் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கியிருந்தேன். ஒரு துண்டுச் சீட்டில் ஏழு கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன்: எந்த இயற்கை உரம் நல்லது, எங்கே கிடைக்கும், ஏக்கருக்கு எத்தனை மூட்டை, இப்படி. அவர் பேசி முடித்ததும் சீட்டை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். வெளியிலிருந்து நிலத்துக்குள் வருவதை எப்படிக் குறைப்பது என்றே பேச்சு முழுவதும் ஓடியது. என் ஏழு கேள்வியும் எதை வாங்குவது என்பதுதான்.

அவரை வெறும் மேடைப் பேச்சாளர் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். 1963 முதல் 1969 வரை கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு ரசாயன உரம் என்று அங்கே சோதனை நடந்தது. மழையை நம்பிப் பிழைக்கும் கரிசல்காட்டுக்காரன் கையில் அந்த உரத்தை வாங்கவே காசு இல்லை. பிறகு அந்தச் சோதனை யாருக்கு? வேலையை விட்டு வெளியே வந்ததற்கு அதுதான் காரணம். உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வந்தவர் சொன்னதாலேயே எனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் பலதானிய விதைப்பில் இறங்கினேன். பல பயிரைக் கலந்து விதைத்து, வளர்ந்ததும் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுவதுதான் அது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தழையுரப் பயிர் என்று வகைக்கு நான்காக இருபது விதை, ஏக்கருக்கு இருபது கிலோவுக்குச் சற்று மேல். கம்பும் உளுந்தும் எள்ளும் கொத்தமல்லியும் சணப்பையும் ஒரே காட்டில் முட்டிமோதிக்கொண்டு வளர்ந்ததைப் பார்த்து, விதைப்பெட்டி கவிழ்ந்துவிட்டதா என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டார். பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும், ஐம்பது அறுபது நாளில். நான் அழகு பார்த்துக்கொண்டு மூன்று வாரம் தாமதித்துவிட்டேன். சணப்பைத் தண்டு முற்றி நாராகிவிட்டது. ரொட்டவேட்டரில் அது கயிறாகச் சுற்றிக்கொள்ள, டிராக்டர்க்காரர் இறங்கி அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தார். அவர் அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது. அடுத்த மழைக்குக் காலால் கிளறினால் பொலபொலவென்று உதிர்ந்த மண்ணைத்தான் எழுத முடியும்.

* * *

சணப்பை உங்களைப் படுத்தியிருக்கிறது, எங்களைத் தக்கைப்பூண்டு என்ற இன்னொரு தழையுரச் செடி காப்பாற்றியது. நாங்கள் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வயலில் கடல் சேறு படிந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இனிமேல் இதில் நெல்லா என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். கடலோர ஊர்களில் அப்போது சுற்றிவந்தவர்களில் நம்மாழ்வார் ஐயாவும் ஒருவர். எங்கள் வரப்பில் அவர் நின்றது பத்து நிமிடம் இருக்கலாம். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றை வழித்துப் போட்டோம், மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்தோம், தக்கைப்பூண்டு விதைத்து இடுப்பளவு வந்ததும் மிதித்து மடக்கினோம். அப்பா மறுபடியும் நாற்றங்கால் போட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

* * *

நான் அவரை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பட்டுக்கோட்டை அருகே, நிலத்துக்கடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசப் போயிருந்த இடத்தில் 2013 டிசம்பர் 30 அன்று அவர் இறந்தார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் அவர் உருவாக்கிய வானகம் என்ற பண்ணையிலேயே புதைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அங்கே பயிற்சிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் கல்லும் முள்ளும்தான். இந்தக் காட்டையா தேடிப்பிடித்தார் என்று மலைப்பாக இருந்தது. உள்ளே போனதும் ஒருவர் மரத்தடிச் சருகைக் காட்டி, "கையை விட்டுப் பாருங்கம்மா" என்றார். உச்சி வெயில். மேலே இருந்த இலைகள் நொறுங்கின, விரல் உள்ளே போகப்போக ஈரம், கடைசியில் பானைத் தண்ணீரில் கை வைத்த குளிர்ச்சி. மண்ணை இப்படி இலைதழையால் மூடிவைப்பதுதான் மூடாக்கு. அந்தச் சொல்லை அதுவரை புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தேன்.

தற்சார்பு என்று இன்று பேசுபவர்களில் பாதிப் பேர் அவர் படத்தை மாட்டிக்கொண்டு அரிசியை மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. நானும் முழுத் தற்சார்பு இல்லை. உப்பு, துணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் காசுதான். ஆனால் காய்கறிக்குக் கடைக்குப் போவது நின்று நான்கு வருடமாகிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் கொல்லையில் வாழைக்குப் போகிறது. அதைச் சுற்றி வட்டப்பாத்தி எடுத்துக் கத்திரியும் தக்காளியும் வைத்திருக்கிறேன். முதல் வருடம் மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போட்டு, கறையான் ஏறி எட்டுக் கத்திரிச் செடி போனது. இப்போது தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போடுகிறேன்.

சணப்பைக்காரரே, அந்த ஏழு கேள்விச் சீட்டு இன்னும் இருக்கிறதா?