புல்வெட்டியா, புன்மழிப்பியா? – ஒரு கலைச்சொல் இழை

மாதவரத்திலிருந்து, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக ஞாயிறன்று ஒரு வகுப்பு நடத்துகிறது. அங்கே கொடுக்க நாலு பக்கக் கையேடு எழுதும் பொறுப்பு என்னுடையது. லான் வெட்டுகிற மெஷின் வாங்கும்போது கரன்ட்டில் ஓடுவதை வாங்குவதா, பெட்ரோலில் ஓடுவதை வாங்குவதா என்பதுதான் பொருள். வியாழன் மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

விஷயம் எழுதியாகிவிட்டது, பெயர்தான் இடிக்கிறது. இங்கே தோட்ட வேலை செய்கிறவர்கள் ‘புல்லு வெட்டுற மெஷின்’ என்றால் தோளில் மாட்டிக்கொண்டு வீசுகிற பிரஷ் கட்டரைச் சொல்கிறார்கள். பால்பண்ணைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு அதே பெயர் தீவனம் நறுக்குகிற மெஷினுக்கு. நான் சொல்வது நாலு சக்கரம் வைத்து, தள்ளிக்கொண்டு போகிறது. இதற்கு ஒரு தனிப் பெயரும், அதன் வகைகளுக்கு (வயர் உள்ளது, பேட்டரி, பெட்ரோல்) பெயர்களும் வேண்டும். லான் என்பதற்குப் புல்தரை போதுமா?

பெரம்பூரிலிருந்து, திங்கள் மதியம்

அம்மா, வணக்கம். நல்ல கேள்வி. முதலில் சிறியதை முடித்துவிடுகிறேன். புல்தரை என்று எழுதாதீர்கள். நன்னூல் 227ஆம் நூற்பா தெளிவாகச் சொல்கிறது: ‘லளவேற்றுமையில் றடவும்’. புல் + தரை = புற்றரை. வள்ளுவர் ‘பசும்புற்றலை காண்பரிது’ என்று பாடியதும் இதே புணர்ச்சிதான். முப்பது வருஷம் வகுப்பறையில் இதைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் கேட்கிறேன், அச்சில் பிழை வேண்டாம்.

இப்போது மெஷின். இதைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங், இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற துணி ஆலை ஊர்க்காரர். நெய்த கம்பளித் துணியின்மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளைச் சீராக வழித்தெடுக்கும் உருளை ஒன்று ஆலையில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் புல்லுக்கும் அப்படி ஒன்று செய்து 1830இல் காப்புரிமை வாங்கினார். பெரம்பூர்க்காரனுக்கு இது நெஞ்சுக்கு நெருக்கமான செய்தி. பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996இல் மூடும்வரை எங்கள் தெருவே ஆலைச் சங்குக்கு எழுந்த தெரு.

ஆகவே இந்த எந்திரத்தின் வினை வெட்டுதல் அன்று. வழித்தல், அதாவது மழித்தல். வேரையும் தூரையும் விட்டுவிட்டு மேலே நீண்டதை மட்டும் ஒரே மட்டமாக எடுப்பது. ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்ற குறளைப் படித்த எந்தப் பிள்ளைக்கும் புரியும். என் பரிந்துரை: புன்மழிப்பி. (புல் + மழிப்பி. மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும், அதே நூற்பா.)

திருவொற்றியூரிலிருந்து, திங்கள் மாலை

ஐயா, பட்டிங் கதை சரி. ஆனால் அவர் செய்தது உருளை வகை. உருளையில் சுற்றும் பிளேடுகள் கீழே அசையாமல் இருக்கும் ஒரு பிளேடோடு உரசி, இடையில் சிக்கும் புல்லைக் கத்தரிக்கும். அதற்கு மழிப்பு பொருந்தும். இன்று கடையில் கரன்ட்டிலோ பெட்ரோலிலோ கிடைப்பது பெரும்பாலும் சுழல் வகை. ஒரே பிளேடு, தரைக்குப் படுக்கையாக, நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று சுற்றும். அது புல்லைக் கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து அறுக்கிறது. பிளேடு மழுங்கினால் புல் நுனி கிழிந்து, ரெண்டு நாளில் புல்தரை முழுக்கப் பழுப்பாகத் தெரியும்.

நான் சின்ன எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவன். என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் மழிப்பி என்றால் சலூன் சாமான் என்று நினைப்பார்கள். புல்வெட்டி போதும். மண்வெட்டி, பாக்குவெட்டி, நகவெட்டி எல்லாம் இருக்கின்றன, அவற்றோடு இதுவும் போய்ச் சேரட்டும். நகவெட்டியும் மேலே நீண்டதை மட்டும்தானே எடுக்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து, திங்கள் இரவு

மொழிபெயர்ப்பில் இருப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, பெரம்பூர் ஐயா காட்டிய நூற்பாவே புல்வெட்டி பக்கம் நிற்கிறது. வல்லினம் வந்தால் றகரம், மெல்லினம் வந்தால் னகரம் என்று சொல்லிவிட்டு, ‘இடைவரின் இயல்பும்’ என்று முடிகிறது. வகரம் இடையினம். ஆகவே புல் + வெட்டி எந்த மாற்றமும் இல்லாமல் புல்வெட்டிதான். இலக்கணமும் கெடவில்லை, படிப்பவருக்குப் புல்லும் தெரிகிறது வெட்டும் தெரிகிறது. புன்மழிப்பியிலோ புல்லே மறைந்துபோகிறது. ‘புன்’ என்றால் அற்பம் என்றுதான் முதலில் மனதில் வரும். புற்றரையும் அப்படித்தான், படிப்பவர் கண் ‘புற்று’ என்று பிரித்துவிடும். புல்தரை என்று பிரித்து எழுதுவதைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புரிவதற்காகப் பிரித்து எழுதுகிறோம், பாடநூல்களிலும் செய்கிறோம்.

இரண்டு, பெட்ரோலைத் தயவுசெய்து பெட்ரோலாகவே விடுங்கள். கன்னெய் என்று யாரேனும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இது ஊற்றுகிற பொருள். கையேட்டில் கன்னெய் என்று படித்துவிட்டு மண்ணெண்ணெயையோ எஞ்சின் ஆயிலையோ டேங்க்கில் ஊற்றினால் யார் பொறுப்பு? ஆபத்து இருக்கிற இடத்தில் ஊர் சொல்கிற சொல்தான் சரியான சொல்.

பெரம்பூரிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, இடையின விதி எனக்குத் தெரியாததல்ல. என் கேள்வி புணர்ச்சி பற்றியது அல்ல, பொருள் பற்றியது.

புல் என்பதே என்ன? தொல்காப்பியம் மரபியலில் ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது. வெளியே வயிரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளவை புல். பனையும் தென்னையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். ஆக, புல்வெட்டி என்றால் மரபின்படி தென்னையை வெட்டுவதும் அதில் அடங்கும். மழித்தல் என்ற வினை வந்தால்தான் தரையோடு இருக்கும் சிறுபுல் என்று பொருள் சுருங்கும். அருகம்புல்லுக்கு இலை என்று சொல்வதைக்கூட நான் யோசித்துத்தான் சொல்வேன். ஓலை, தோடு என்பனவெல்லாம் புல்லுக்கு உரியவை என்று அங்கே பட்டியலே இருக்கிறது.

இன்னொன்று. மெஷின் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்று ஐங்குறுநூறு பாடுகிறது. ஆலை எந்திரத்தின் இரைச்சலை யானைப் பிளிறலோடு நிறுத்தி ஈராயிரம் ஆண்டாகிறது. எந்திரம் நம் வீட்டுச் சொல்லாகி அவ்வளவு காலம் ஆகியும் கையேட்டில் மெஷின் என்று எழுதுவது மனதுக்கு வலிக்கிறது.

மாதவரத்திலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, ஐங்குறுநூற்று வரியைக் கையேட்டில் ஓசை பற்றிய பத்திக்கு மேலே போடப்போகிறேன். பெட்ரோல் எஞ்சின் சத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. எந்திரம் என்ற சொல்லையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் தென்னை எனக்கு உதவவில்லை. வகைப்பெயர்களுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. ‘மின்புல்வெட்டி’ என்று எழுதிப் பார்த்தேன். மின்புல்லை வெட்டுவது போல இருக்கிறது. திருவொற்றியூர்த் தம்பி, இரண்டுக்கும் நடுவே உண்மையில் எது எது மாறுகிறது என்று ஒருமுறை சொல்லுங்கள். அதிலிருந்து பெயர் வரட்டும்.

திருவொற்றியூரிலிருந்து, செவ்வாய் இரவு

அக்கா, பட்டறையில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

மெஷின் வாங்க வருகிறவர் முதலில் தன் இடத்தை அளக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரு கிரவுண்டு என்றாலே 2400 சதுர அடிதான். அதில் வீடு, படி, வண்டி நிறுத்த இடம் போக, புல்லுக்கு மிஞ்சுவது சில நூறு சதுர அடி. அவ்வளவுக்கு பெட்ரோல் தேவையே இல்லை. கையால் தள்ளுகிற உருளை வகையே போதும். அதற்குக் கரன்ட்டும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். கையேட்டில் இந்த மூன்றாவது வழியையும் எழுதுங்கள். விற்கிறவர் சொல்ல மாட்டார்.

வயர் உள்ளது எடை குறைவு, விலையும் குறைவு, பராமரிப்பு பிளேடு தீட்டுவதோடு சரி. ஆபத்து வயரில்தான். 230 வோல்ட் வயரை இழுத்துக்கொண்டே நடக்கிறோம், அதன்மேலேயே பிளேடு ஏறிவிடலாம். கரன்ட் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாகத் துண்டிக்கிற சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.) இல்லாத வீட்டில் இதை வாங்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்குப் புல் வேகமாக வளரும், அப்போதுதான் தரை ஈரமாகவும் இருக்கும். ஈரப் புல்லில் வயர் மெஷினைத் தொடவே வேண்டாம்.

பேட்டரி வகையில் வயர் தொல்லை இல்லை. விலை கூடுதல், பேட்டரி தேய்ந்தால் மாற்றும் செலவும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஷெட்டில் சித்திரை மாதம் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடலாம்.

பெட்ரோல் பெரிய இடத்துக்கு. மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் உள்ள பெரிய புல்தரைக்கு அதுதான். கரன்ட் போனாலும் ஓடும், உயரமாக வளர்ந்த புல்லிலும் திணறாது. ஆனால் ஆயில் பார்க்க வேண்டும், ஏர் ஃபில்டர், எஞ்சினில் உள்ள ஸ்பார்க் பிளக்கு சுத்தம் செய்ய வேண்டும், சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேலே இருக்க வேண்டும். பட்டறைக்கு வருகிற பெட்ரோல் மெஷின்களில் பெரும்பாலானவை உடைந்து வருவதில்லை, நின்றே கெட்டு வருகின்றன. இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். ரெண்டு மூணு மாதம் டேங்க்கிலேயே விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். கடல் காற்றில் துரு வேறு. மாதம் ஒருமுறை வெட்டுகிற வீட்டுக்கு இது நிரந்தரத் தலைவலி.

எந்த வகையானாலும் பிளேடில் கை வைக்கும் முன் வயரைப் பிடுங்கு, அல்லது பேட்டரியைக் கழற்று, அல்லது பிளக்கு வயரை எடு. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பெயர் எதுவானாலும் பரவாயில்லை, இந்த வரி புரிய வேண்டும்.

கொளத்தூரிலிருந்து, புதன் காலை

நான் வாங்கப் போகிறவன், அதனால் எழுதுகிறேன். நேற்றைய மடலைப் படித்த பிறகு பேட்டரி என்று முடிவு செய்துவிட்டேன். தாழ்வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் தூங்கும்.

பெயர் பற்றி: சுருக்கமாக ‘மின்வெட்டி’ என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னார். மே மாதத்தில் அந்தச் சொல்லை இங்கே யார் காதில் போட்டாலும் கரன்ட் போய்விட்டதா என்று கேட்பார்கள். வயர் உள்ளதை ‘வடப் புல்வெட்டி’ என்றால் வடக்கு என்று படிக்கிறது. ஒட்டுச்சொல்லாக்காமல், எதில் ஓடுகிறது என்று முன்னால் தனியாகப் போட்டுவிடலாமே? வயர் புல்வெட்டி, பேட்டரி புல்வெட்டி, பெட்ரோல் புல்வெட்டி, தள்ளு புல்வெட்டி. தள்ளுவண்டி எல்லோருக்கும் தெரியும்.

தண்டையார்பேட்டையிலிருந்து, புதன் மாலை

தம்பி சொன்ன நான்குக்கும் என் ஆதரவு. பேட்டரியை ‘மின்கலம்’ ஆக்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் கூடுதலாக: மின்கலம் ஒற்றைச் செல்லுக்கு உரியது, பேட்டரி அதன் அடுக்கு. மின்கல அடுக்குப் புல்வெட்டி என்று எழுதினால் வாசகர் பாதியிலேயே விட்டுவிடுவார்.

பிரஷ் கட்டரோடு குழப்பம் வரும் என்று முதல் மடலில் சொன்னீர்கள். அதற்குத் ‘தோள் புல்வெட்டி’ என்று ஓர் அடைமொழி கொடுத்துவிட்டால் இதுவும் பிரிந்துவிடும். வெட்டிய புல்லைத் தரையிலேயே தூவிவிடுகிற வசதிக்கு மூடாக்கு என்ற சொல் உழவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதவரத்திலிருந்து, வியாழன் மதியம்

அனைவருக்கும் நன்றி. கையேடு சற்றுமுன் அச்சகத்துக்குப் போய்விட்டது. புல்வெட்டி என்றே போட்டிருக்கிறேன், நான்கு வகைகளும் கொளத்தூர்த் தம்பி சொன்னபடி. லானுக்குப் புல்தரை. மெஷின் எங்கும் இல்லை, எந்திரம்தான். பிளேடு, பிளக்கு, பெட்ரோல் அப்படியே இருக்கின்றன. வயரைப் பிடுங்கச் சொல்லும் வரி தடித்த எழுத்தில், பெட்டிக்குள்.

பெரம்பூரிலிருந்து, வியாழன் இரவு

அம்மா, அச்சுக்குப் போனதில் மகிழ்ச்சி. எந்திரத்தை ஏற்றதற்கு நன்றி.

புல்தரையை நான் ஏற்கவில்லை என்பது இழையில் பதிவாக இருக்கட்டும். பேரக்குழந்தை பாடநூலில் ‘பசும்புற்றலை’ என்று படித்துவிட்டு, வெளியே பலகையில் புல்தரை என்று பார்க்கும்போது எதைச் சரி என்று நினைக்கும்? புல்வெட்டி சுழல் வகைக்குப் பொருந்தும் என்று திருவொற்றியூர்த் தம்பி சொன்னதை யோசித்துப் பார்த்தேன், அந்த வாதம் நேர்மையானது. ஆனால் கையால் தள்ளும் உருளை வகை இன்னும் பட்டிங் செய்தபடியேதான் இருக்கிறது. அதற்கு மட்டுமாவது அடுத்த பதிப்பில் புன்மழிப்பி என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். மற்றவர்கள் கருத்தையும் கேட்கிறேன்.